டாலருக்கு ஃபார்வர்ட் போடலாமா? பேக்கிங் கிரெடிட்டில் மிஷின் வாங்கலாமா?

பனியன்காரன்:
திருப்பூரில் சின்ன யூனிட், நேரடி எக்ஸ்போர்ட் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. 2 லட்சம் டாலருக்கு ஆர்டர் கையில் இருக்கிறது, பணம் வர நாலு மாசம் ஆகும். பேங்கில் ஃபார்வர்ட் (வரப்போகும் டாலருக்கு இன்றே விலை பேசி முடிக்கும் ஒப்பந்தம்) போடச் சொல்கிறார்கள். டாலர் ஏறினால் லாபம் போய்விடும் என்று அப்பா தடுக்கிறார். இன்னொன்று, பேக்கிங் கிரெடிட் (சரக்கு அனுப்பும் முன் ஆர்டரைச் செய்து முடிக்க பேங்க் தரும் கடன்) லிமிட்டில் மிச்சம் இருக்கிறது, வட்டியும் குறைவு. அதில் இரண்டு நிட்டிங் மிஷின் எடுத்துவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
மிஷினுக்கு அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். அது நூல், சாயம், கூலிக்கு என்று கொடுப்பது, பில் பணம் வந்ததும் அடைத்தாக வேண்டும். மிஷின் போட்ட காசைச் சம்பாதித்துத் தர ஐந்தாறு வருஷம் ஆகும். நாலு மாசக் கடனை அதில் முடக்கினால் அடுத்த ஆர்டருக்கு நூல் வாங்கக் கையில் காசு இருக்காது, ஆர்டர் நிறைய இருந்தும் மூடின யூனிட்கள் இப்படித்தான் மூடின. மிஷினுக்குப் பல வருஷத் தவணையில் அடைக்கிற டெர்ம் லோன் கேளுங்கள். அதற்கும் முன்னால், சீசன் இல்லாத மாசங்களில் அந்த மிஷின் எத்தனை ஷிப்ட் ஓடும் என்று எழுதிப் பாருங்கள். ஓடாது என்றால் நிட்டிங்கை வெளியே ஜாப் ஒர்க்குக்கு (கூலிக்குச் செய்து தருபவரிடம்) விடுவதே மலிவு.

பழைய_ஆள்:
தம்பி, அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பயம் தப்பான இடத்தில். டாலர் ஒரு ரூபாய் இறங்கினால் உங்களுக்கு 2 லட்சம் ரூபாய் போச்சு, அது நேரே லாபத்திலிருந்துதானே போகும்? 2007 தொடக்கத்தில் 44 ரூபாய்ப் பக்கம் இருந்த டாலர் வருஷக் கடைசியில் 39க்கு வந்தது. அந்தக் கலக்கத்தில் ஒரு பேங்க் சொன்னதை நம்பி டாலர்–சுவிஸ் ஃபிராங்க் ஆப்ஷனில், அதாவது அந்த இரண்டு கரன்சியின் விலை எப்படிப் போகும் என்பதன் மேல் கட்டும் பந்தயம் மாதிரி ஒன்றில், கையெழுத்துப் போட்டேன். சுவிட்சர்லாந்தில் எனக்கு ஒரு பையர்கூடக் கிடையாது! முதலில் கொஞ்சம் காசு வந்தது, 2008 மார்ச்சில் டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனதும் மொத்தமும் போனது. ஊரில் பலர் கோர்ட்டுக்குப் போனார்கள். சாதா ஃபார்வர்ட் வேறு, அது வேறு.

பனியன்காரன்:
சரிங்க ஐயா. அப்போ முழுத்தொகைக்கும் போட்டுவிடட்டுமா?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம். ஆர்டர் கேன்சல் ஆனாலும் ஃபார்வர்ட் கேன்சல் ஆகாது, வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். பாதிக்குப் போடுங்கள், ஷிப்மென்ட் போனதும் மீதிக்கு. அப்புறம், பையர் எல்.சி. (அவர் பேங்க் தரும் பண உத்தரவாதம்) தருகிறாரா, வெறும் கடனுக்குத்தான் சரக்கா? கடன் என்றால், பையர் பணம் தராவிட்டால் கைகொடுக்கும் அரசு எக்ஸ்போர்ட் இன்சூரன்ஸ், ஈ.சி.ஜி.சி. கவர் எடுத்தீர்களா?