புதுப்பிப்பு: அம்மம்மாவின் வாய்தவறல்களும் கொப்பிக் குறிப்பும்

எண்பது வயதை நெருங்கும் என் அம்மம்மா, பேரப்பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லியே உரியவரை வந்தடைகிறார், சொற்களின் எழுத்துகளையும் மாற்றிவிடுகிறார், இது மறதி நோயின் அறிகுறியோ என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

தவறல்களை நேரத்துடன் கொப்பியில் குறிக்கச் சொன்ன யோசனையே உதவியது. இரண்டு வாரக் குறிப்புகளைப் பார்த்து, அம்மம்மாவுடனும் நெடுநேரம் உரையாடிய வைத்தியர், தவறியதை அவரே உடனே உணர்ந்து திருத்துவதால் இப்போதைக்குக் கவலை வேண்டாம் என்றார். பெயர்மாற்றமும் பிள்ளைகளுக்குள்ளேயே நிகழ்ந்தது. அயலவர் பெயர் ஒருமுறையும் வரவில்லை.

எதிர்பாராதது ஒன்றுண்டு. "கல்லடிப் பாலத்தால போ மனே (மகனே)" என்று சொல்லவந்த அம்மம்மா, "பல்லடிக் காலத்தால போ மனே" என்று கூறிவிட்டு, எங்களுக்கு முன்னரே தாம் சிரிக்கத் தொடங்கினார். அதை எழுதும்போதுதான், முதலெழுத்துகள் இடம்மாறியதோடு, இடையிலிருந்த 'ப்' என்னும் ஒற்றும் வருஞ்சொல்லுக்கேற்ப 'க்' ஆகியிருந்ததைக் கவனித்து வியந்தேன். நாக்குத் தவறிய அக்கணத்திலும் புணர்ச்சி விதி தவறவில்லை. 'தசை' என்பது 'சதை' என வழங்குவதை இலக்கணம் எழுத்து நிலைமாறுதல் என்று ஏற்றிருப்பதை ஒருவர் சுட்டியிருந்தார். அம்மம்மாவிடம் சொன்னபோது மிகவும் மகிழ்ந்தார்.

வீட்டார் அனைவருடையதையும் குறித்ததில், அம்மம்மாவுக்குப் பதினொன்று, எனக்கு ஒன்பது. பெரும்பாலானவை எல்லோரும் ஒன்றாகப் பேசும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நிகழ்ந்தவை.