வாசிகசாலைக் காற்றாடி: பெல்ற்றா, கியர்ப்பெட்டியா, நேரடியா?

மேற்கு வளவு, ரொறன்ரோ:

குழுவில இருக்கிற ஊரவை எல்லாருக்கும் வணக்கம். மருமகன் போன கிழமைதான் ஊருக்குப் போய்த் திரும்பினவன். வாசிகசாலைக் கூரையில மின் எடுக்க நிற்கிற காற்றாடி நல்லாச் சுத்துது, ஆனால் பெற்றறி ஏறுதில்லை என்றான். படங்களும் அனுப்பினவன். இறகுத் தண்டில 35 செ.மீ. கப்பி, அதிலிருந்து ஒற்றை வி-பெல்ற் கார் அல்ரனேற்றருக்கு, அதுதான் காரில பெற்றறி ஏற்றிற மின்பிறப்பாக்கிக்கு, போகுது. பெல்ற்றின் உட்பக்கம் கருகி மினுங்குது. கூரை வளையில வெடிப்பும் கண்டிருக்கு. இப்ப நிர்வாகம் இரண்டாம் கட்டமெண்டு 240,000 ரூபாய் கேட்குது, பழைய கியர்ப்பெட்டி ஒன்று வாங்கிப் பூட்டவாம். இங்க ஒருத்தர் உடற்பயிற்சி ஓடுபொறியின் மோட்டார் ஒன்று சும்மா தரவும் தயார். காசு அனுப்பிறதோ? பேர்கன் தம்பி, நீர்தான் சொல்லவேணும்.

கிணத்தடி வளவு, பேர்கன்:

அண்ணை, கியர்ப்பெட்டிக்குக் காசு அனுப்பவேண்டாம். காரணத்தைக் கணக்கோட எழுதிறன். ஊரில வேலை செய்யிற பெடியளுக்கும் இதை அப்படியே அனுப்புங்கோ.

எங்கட இறகின் விட்டம் 2.4 மீற்றர். மூன்று இறகு, நுனி காற்றைவிட ஏழு மடங்கு வேகத்தில ஓடும். காற்று நொடிக்கு 5 மீற்றர் என்றால் நுனி 35 மீற்றர். சுற்றளவு 7.5 மீற்றர். அப்படியென்றால் தண்டு நிமிடத்துக்கு 280 சுற்று. கார் அல்ரனேற்றர் உருப்படியாக மின் தரத் தொடங்கிறதே 1,200 – 1,500 சுற்றில. அதனாலதான் பெடியள் 35 செ.மீ. கப்பியையும் அல்ரனேற்றரின் 6.5 செ.மீ. கப்பியையும் பூட்டி 5.4 மடங்கு எடுத்திருக்கினம். அந்தக் கணக்கில பிழை இல்லை. பிழை மற்ற இடத்தில.

5 மீற்றர் காற்றில அந்த வட்டத்துக்குள்ளால போற சக்தி ஏறத்தாழ 340 வாற். நல்ல இறகு அதில 120 வாற் பிடிக்கும். பெல்ற் 15 வாற் தின்னும். அல்ரனேற்றர் மிச்சத்தில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் மின்னாக்கும். அதுக்குள்ள நிரந்தரக் காந்தம் இல்லை, காந்தமாக வேலை செய்யிற புலச்சுருளுக்குப் பெற்றறியிலிருந்தே 3 அம்பியர் கொடுக்கவேணும், அது 12 வோல்ற்றில 36 வாற். கடைசியாக மிஞ்சிறது 20 வாற்றுக்குக் கிட்ட. காற்று இன்னும் குறைந்தால் பெற்றறி ஏறாது, இறங்கும். மருமகன் கண்டது இதைத்தான்.

பெல்ற் கருகினதுக்கும் காரணம் இருக்கு. இரண்டு கப்பிக்கும் நடுத்தூரம் 40 செ.மீ. என்றால், சின்னக் கப்பியைப் பெல்ற் சுற்றிப் பிடிக்கிறது 140 பாகைதான். சோளகம் பலமாக அடிக்க அது வழுக்கும், சூடேறும், கண்ணாடி மாதிரி இறுகும், பிறகு இன்னும் வழுக்கும். இழுத்துக் கட்டினால் பெயரிங் போகும், காற்றாடி தொடங்கவும் மறுக்கும்.

இந்தத் தொடக்கத்தைத்தான் எல்லாரும் மறக்கிறது. நிற்கிற இறகை 3 மீற்றர் காற்று தள்ளிற முறுக்கம் அரை நியூட்டன் மீற்றர் அளவு, ஒரு கதவுப் பிடியைத் திருப்பிற பலம்கூட இல்லை. அல்ரனேற்றர்ப் பக்கத்தில 0.1 நியூட்டன் மீற்றர் உராய்வு இருந்தால், 5.4 மடங்குப் பெருக்கத்தில அது இறகுக்கு 0.54 ஆகத் தெரியும். காற்றும் உராய்வும் சமம், காற்றாடி அசையாது. கியர்ப்பெட்டி இன்னும் மோசம்: தடித்த எண்ணெயும் சீலும் சேர்ந்து பிடிக்கும். பழைய சாமான் கடையில மலிவாகக் கிடைக்கிறது பெரும்பாலும் திருகாணி மாதிரித் தண்டு பல்லுச் சில்லைத் திருப்பிற வேம் கியர், அதைச் சில்லுப் பக்கத்திலிருந்து சுழற்ற அனேகமாக ஏலாது, பூட்டிக்கொள்ளும். சரிவுப் பல்லு வைச்ச ஹெலிக்கல் கியர் சுழலும்தான். ஆனால் கோபுர உச்சியில எண்ணெய் ஒழுகினால் சோளக நாளில ஏறிப் பார்க்கப்போறது ஆர்?

ஓடுபொறி மோட்டாரையும் சொல்லவேணும், அண்ணை கோவிக்கக்கூடாது. 130 வோல்ற், 6,000 சுற்று என்று பதிந்த மோட்டார் 280 சுற்றில தாறது 6 வோல்ற். 12 வோல்ற் பெற்றறிக்கே அது எட்டாது, நான் கீழ சொல்லிற 24 வோல்ற்றுக்குச் சொல்லத் தேவையில்லை. திரும்பவும் பெல்ற்தான் வரும். காபன் பிறஷும் தேயும்.

இந்த அளவுக்கு ஏற்றது நேரடி இணைப்பு. ஸ்கொட்லாந்தில ஹியூ பிகொட் வளர்த்தெடுத்த தட்டு மின்பிறப்பாக்கிதான் என்ர தெரிவு: காந்தம் ஒட்டின இரண்டு தட்டு இறகோடயே சுத்தும், நடுவில செப்புச் சுருள் அசையாமல் நிற்கும். அவர் வடிவமைத்த சிறு காற்றாடி முன்னமே இலங்கையிலும் பெருவிலும் கிராமத்துப் பெற்றறி ஏற்றிறதுக்குச் செய்யப்பட்டது. கியர் இல்லை, பெல்ற் இல்லை, சுருளுக்குள்ள இரும்பும் இல்லை. அதனால காந்தம் பல்லில பிடிக்கிற மாதிரி இழுக்காது, சின்னக் காற்றிலும் தொடங்கும். 5 மீற்றரில 90 வாற் வரும், இப்ப வாறதைவிட நாலு மடங்குக்கு மேல.

அரச மரத்தடி, லண்டன்:

பொருளாளராக எழுதிறன். முதல் கட்டத்தில 310,000 ரூபாய் போனது. பற்றுச்சீட்டு வந்தது 198,500 ரூபாய்க்கு மட்டும். கோபுரக் குழாய்க்கும் ஒட்டு வேலைக்கும் ஒரு துண்டும் இல்லை. முந்தி ஊர்க் கேணிக்கு அனுப்பின காசின் கணக்கு இன்னும் மூடவில்லை என்பதை எல்லாரும் அறிவீர்கள். தம்பி எழுதினது எனக்கு விளங்குது, ஆனால் சாமான் பட்டியல் அளவோட வராமல் நான் வங்கிக்குப் போகமாட்டன்.

தேர்முட்டிப் பக்கம், மெல்பேண்:

பட்டியல் பட்டியல் என்று பெடியளை அவமதிக்கிறது சரியில்லை. தேர்முட்டி கட்டேக்க உங்களிடம் ஆரும் துண்டு கேட்டவையோ? அந்தப் பெடியள் தங்கட கையால இறகு செதுக்கி ஏற்றினவை. அயலூரில ஒன்றும் இல்லை, எங்கட வாசிகசாலையில காற்றாடி சுத்துது. மன்னாரில மின்சார சபை நாட்டின 30 காற்றாலைக்குள்ளயும் கியர்ப்பெட்டிதானே இருக்கு? அவங்களுக்குச் சரியென்றால் எங்களுக்கு ஏன் பிழை?

நல்லதண்ணிக் கிணறு, பாரிஸ்:

எனக்கு இதை வாசிக்க போர்க்காலப் பொருளாதாரத் தடைக் காலந்தான் நினைவு வருது. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பின் சில்லை ஒருத்தர் கையால சுத்த, டைனமோவில வானொலிச் செய்தி கேட்டது. அப்ப ரயரில உருளை முட்டி ஓடினதுதானே? அந்த முறையை இதுக்குச் செய்ய ஏலாதோ?

கிணத்தடி வளவு, பேர்கன்:

பாரிஸ் அக்கா, அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாற். 26 அங்குலச் சில்லில 2 செ.மீ. உருளை, முப்பது மடங்குப் பெருக்கம். அதைச் சுத்தினது மனிசக் கை, தொடக்க உராய்வைக் கை வென்றது. 3 மீற்றர் காற்று வெல்லாது. மழைக்கு உருளை வழுக்கினதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

மெல்பேண் அண்ணை, இறகு நல்ல இறகு, அதைக் கழட்டச் சொல்லேல்லை. மன்னாரில நிற்கிறதின் விட்டம் 126 மீற்றர், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற். அது நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்றுத்தான். அந்த வேகத்தில நேரடி மின்பிறப்பாக்கி என்றால் வீடளவு வேணும், அதனால கியர் போடுகினம். ஜேர்மனியின் எனர்கொன் நிறுவனம் அந்த வீடளவு இயந்திரத்தையே செய்து கியர் இல்லாமல் ஓட்டுது. எங்கட சின்ன இறகோ 280 சுற்று தானாகவே சுத்துது. சின்னதாக இருக்கிறது இதில எங்களுக்கு வாய்ப்பு.

லண்டன் அண்ணை, பட்டியல் இது. 46 × 30 × 10 மி.மீ. நியோடிமியம் காந்தம் 24. விட்டம் 30 செ.மீ., தடிப்பு 10 மி.மீ. இரும்புத் தட்டு 2, இரண்டும் நாகம் (துத்தநாகம்) தோய்த்தது. எனாமல் செப்புக்கம்பி 3 கிலோ. வினைல் எஸ்ரர் றெசின், கண்ணாடி நார்த்துணி. பழைய கார்ச் சில்லின் ஹப் ஒன்று, பெயரிங் புதிது. 12 மி.மீ. துருப்பிடியாப் புரிக்கம்பி. 35 அம்பியர் டயோட்டுப் பாலம் 2, அலுமினியத் தகட்டில பூட்ட. காந்தத்தை விமானத்தில அனுப்ப விதி இறுக்கம், கப்பலில போகட்டும்.

தட்டுக்கு 12 காந்தம், வடக்கு தெற்கு மாறி மாறி. ஒன்று தலைகீழானாலும் காற்றாடி உறுமும், மின் குறையும். ஒட்டமுன் கையில ஒரு காந்தம் வைச்சு ஒவ்வொன்றாகப் பாருங்கோ. இரண்டு தட்டையும் கையால பொருத்தவே கூடாது, விரல் நசியும். மூன்று நீளப் புரிக்கம்பியை முடுக்கி மெல்ல இறக்கவேணும்.

சுருள் 9. ஒன்று, நாலு, ஏழு ஒரு தொடர். இரண்டு, ஐந்து, எட்டு அடுத்தது. மூன்று, ஆறு, ஒன்பது மற்றது. எல்லாம் ஒரே திசையில சுத்தினது, கடைசி முனை மூன்றும் ஒன்றாக முடிச்சு. முதலில ஒரேயொரு சோதனைச் சுருள் 80 சுற்றுச் சுத்தி, தட்டை நிமிடத்துக்கு 60 தரம் கையால திருப்பி, வோல்ற் அளவுங்கோ. அதை 3 ஆலும் 1.73 ஆலும் 1.4 ஆலும் பெருக்கினால் 60 சுற்றுக்கான வோல்ற். அதை 160/60 ஆல் பெருக்கி, டயோட்டுக்கு 1.4 வோல்ற் கழிச்சால் 160 சுற்றில 24 – 25 வோல்ற் வரவேணும். கூடினால் இறகு திணறி நிற்கும், குறைந்தால் மெல்லிய காற்று வீண். அதுக்குத் தக்கபடி சுற்றைக் கூட்டிக் குறைச்சுப்போட்டு மிச்ச எட்டையும் சுத்துங்கோ.

எங்கட தீவில பெரிய எதிரி உப்பு. நிக்கல் பூச்சில கீறல் விழுந்தால் காந்தம் துருவேறிப் பொங்கும், சுருளில உரஞ்சும். அதனால காந்தம் முழுக்க றெசினுக்குள்ள மூழ்கவேணும். சாதாரணக் காந்தம் 80 பாகைச் சூட்டில பலமிழக்கும், ஆகவே புயற்காற்றில வால் மடங்கி இறகு ஒதுங்கிறது கட்டாயம்: வால் பிணைச்சல் 20 பாகை சரிவு, தண்டு கோபுர நடுவிலிருந்து 10 செ.மீ. விலகல். பெற்றறி நிரம்பினால் காற்றாடியின் கம்பியைக் கழட்டி விடக்கூடாது, மின்பாரமில்லாமல் இறகு தறிகெட்டுச் சுத்தும். மிகைமின்னை வெப்பச்சுருளுக்குத் திருப்பவேணும். நிறுத்த மூன்று கம்பியையும் ஒன்றாக்கிற ஆளி ஒன்று போதும், காற்றுத் தணிந்திருக்கேக்க.

கூரையிலிருந்து இந்தக் கிழமையே இறக்கச் சொல்லுங்கோ. வெடிச்ச வளைக்குக் கீழ பிள்ளையள் இருந்து படிக்குதுகள். பனைகளுக்கு அப்பால கடற்கரை வெளியில, சாய்க்கக்கூடிய 12 மீற்றர் குழாய், நாலு பக்கம் இழுகம்பி. முதல் அனுப்பிறது காந்தத்துக்கும் கம்பிக்கும் மட்டும் இருக்கட்டும். சோதனைச் சுருளின் வோல்ற் அளவைப் பெடியள் இந்தக் குழுவுக்கு எழுதின பிறகு மிச்சத்தை லண்டன் அண்ணை விடட்டும்.