வளைகுடாவுல உரசல் எப்ப பெரிய சண்டையா மாறும்? லாஞ்சுல இருக்கிறவங்களுக்கு என்ன சொல்லணும்?

முட்டம்_லைட்ஹவுஸ்

அமெரிக்காவும் ஈரானும் முறைச்சுக்கிட்டா போதும், நம்ம கடப்புறத்து வாட்ஸப் குரூப் பூரா மூன்றாம் உலகப் போர் ஓட ஆரம்பிச்சிரும். குளச்சல்ல இருந்து நீரோடி வரைக்கும் ஈரானோட கிஷ் தீவு, பஹ்ரைன், கத்தார், சவுதின்னு லாஞ்சுல மீன்பிடிக்கப் போன ஆள் இல்லாத தெரு குறைவு. டிவி விவாதச் சத்தம் வேண்டாம். ஒரு மோதல் எந்த இடத்துல கை மீறிப் போகுது, அதுக்கு முன்கூட்டியே தெரியிற அடையாளம் என்ன, அந்த நேரத்துல லாஞ்சுல இருக்கிறவன் என்ன செய்யணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உதயகிரி

எத்தனை பேர் செத்தாங்கங்கிறதை வெச்சுப் போர் பெருகுதுன்னு நினைக்கிறோம். அப்படியில்ல. அதே கடல்ல நடந்த ரெண்டு சம்பவத்தை அடுத்தடுத்து வெச்சுப் பாருங்க.

1987 மே 17. ஈராக் விமானம் விட்ட ரெண்டு எக்சோசெட் ஏவுகணை, யுஎஸ்எஸ் ஸ்டார்க் போர்க்கப்பல்ல விழுந்தது. 37 மாலுமிகள் சாவு. அமெரிக்கா திருப்பி அடிக்கல. தவறா நடந்துபோச்சுன்னு சதாம் உடனே மன்னிப்புக் கேட்டார். அப்ப ஈரானுக்கு எதிரா ஈராக் வேணும்ங்கிறதால வாஷிங்டனும் அதை ஏத்துக்கிட்டுது.

1988 ஏப்ரல் 14. சாமுவேல் பி. ராபர்ட்ஸ்ங்கிற இன்னொரு அமெரிக்கக் கப்பல் கண்ணிவெடியில முட்டுச்சு. காயம் உண்டு, சாவு இல்ல. ஆனா நாலாம் நாளே அமெரிக்கா ஈரானோட எண்ணெய் மேடைகளை அடிச்சு, சஹந்த்ங்கிற போர்க்கப்பலையும் மூழ்கடிச்சுது. காரணம் என்னன்னா, அதுக்கு முந்தின செப்டம்பர்ல ஈரானோட ‘ஈரான் அஜ்ர்’ங்கிற கப்பல் கண்ணி போட்டுக்கிட்டு இருக்கும்போதே கையும் களவுமா மாட்டிச்சு. அதுல எடுத்த வெடிகளோட வரிசை எண்ணும், ராபர்ட்ஸ் முட்டின இடத்துக்குப் பக்கத்துல எடுத்த வெடிகளோட எண்ணும் ஒத்துப்போச்சு. 1908-ல ரஷ்யாக்காரன் வரைஞ்ச பழைய மாதிரி அது, நங்கூரத்துல கட்டி நீருக்குள்ள நிக்க வைக்கிற இரும்பு உருண்டை, கொம்புல முட்டினா வெடிக்கும். ‘தெரியாம நடந்துபோச்சு’ன்னு சொல்ல ஈரானுக்கு இடமே இல்லாமப் போச்சு.

ஆக, நான் முதல்ல பார்க்கிறது இதைத்தான்: ரெண்டு பேருக்கும் மானம் போகாம இறங்கிவர ஒரு வாசல் திறந்திருக்கா? 2025 ஜூன் 23-ல கத்தார்ல அமெரிக்கப் படை இருக்கிற அல் உதெய்த் தளத்து மேல ஈரான் ஏவுகணை விட்டப்ப முன்கூட்டியே தகவல் குடுத்துட்டுத்தான் விட்டது. தளத்துல இருந்த விமானங்களைப் பெரும்பாலும் முன்னாடியே நகர்த்தியிருந்தாங்க. மறுநாள் போர்நிறுத்தம். 2020 ஜனவரி 8-ல ஈராக்ல அமெரிக்கப் படை இருந்த ஐன் அல் அசாத் தளத்தை அடிச்சப்பவும் ஈராக்குக்குச் சொல்லிட்டுத்தான் அடிச்சான். ஆனா அதே ராத்திரி, பதில் அடி வரும்னு விழிச்சிருந்த ஈரான் படை தெஹ்ரான்ல கிளம்பின உக்ரைன் பயணி விமானத்தைச் சுட்டு 176 பேர் போனாங்க. 1988 ஜூலை 3-ல அமெரிக்காவோட வின்சென்ஸ் கப்பல் ஈரான் ஏர் 655-ஐச் சுட்டதும் இதே கதைதான். மேல ஏறிக்கிட்டிருந்த விமானத்தை, இறங்கி வந்து தாக்குதுன்னு எடுத்துக்கிட்டாங்க. 290 பேர். தலைவர்கள் கணக்குப் போட்டுத்தான் அடிக்கிறாங்க. கணக்கு தப்புறது ரேடார் முன்னால உக்காந்திருக்கிறவன்கிட்ட, அவனுக்குக் கிடைக்கிற சில நிமிஷத்துல.

ஆரல்வாய்மொழி_காத்தாடி

அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா 1914-ல முதல் உலகப் போர்ல நடந்த மாதிரி கூட்டணிச் சங்கிலி இழுத்துடாதா? ஒரு இளவரசனைச் சுட்டதுல அஞ்சு வாரத்துக்குள்ள ஐரோப்பாவே இறங்கிச்சே.

உதயகிரி

1914-ல இழுத்தது ஒப்பந்தம் பாதி, ரயில் அட்டவணை பாதி. ஒருத்தன் படை திரட்ட ஆரம்பிச்சா மத்தவன் காத்திருக்க முடியாது, காத்திருந்தா பிந்திப்போவான். இன்னிக்கு ஒப்பந்த வாசகத்தைப் படிச்சுப் பார்த்தா சங்கிலி அவ்வளவு இறுக்கமில்ல. அமெரிக்கா, ஐரோப்பாவோட ராணுவக் கூட்டணி நேட்டோ. ஒருத்தர் மேல விழுற அடி எல்லார் மேலயும் விழுந்த அடிங்கிற அதோட 5-ஆம் பிரிவு எல்லாருக்கும் தெரியும், 6-ஆம் பிரிவை யாரும் படிக்கிறதில்ல. அது காப்பாத்துறது ஐரோப்பா, வட அமெரிக்கா, கடக ரேகைக்கு வடக்கே அட்லாண்டிக் பகுதி, இப்படித்தான். வளைகுடாவுல இருக்கிற அமெரிக்கத் தளத்தை அடிச்சா நேட்டோ முழுசும் தானா வந்து நிக்கணும்னு இல்ல. 2025 ஜனவரியில ரஷ்யாவும் ஈரானும் போட்ட ஒப்பந்தத்துலயும் ‘நீ அடிபட்டா நான் வந்து சண்டை போடுவேன்’ங்கிற வரி கிடையாது. 2024-ல வட கொரியாவோட போட்டதுல அது உண்டு. நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டியது 2025 செப்டம்பர் 17-ல சவுதியும் பாகிஸ்தானும் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தம். ஒருத்தர் மேல விழுற அடி ரெண்டு பேர் மேலயும் விழுந்ததாக் கருதப்படும்ங்கிறாங்க.

பட்டணம்காரன்_விஎச்எஃப்

அடையாளம் கேட்டியள். தலைவர்கள் பேச்சை விடுங்க, காசும் குடும்பமும் நகருதான்னு பாருங்க.

தூதரகம் முதல்ல. 2025 ஜூன் 11-ல பாக்தாத் தூதரகத்துல இருந்து அவசியமில்லாத ஊழியரை அமெரிக்கா வெளியேறச் சொல்லிச்சு, அந்தப் பகுதியில இருந்த படையினர் குடும்பங்களும் விரும்பினா போகலாம்னாங்க. 13-ந் தேதி விடியும் முன்னாலேயே இஸ்ரேல் ஈரானை அடிச்சாச்சு. ரெண்டாவது, லண்டன்ல கப்பல் இன்சூரன்ஸ்காரங்க வெச்சிருக்கிற போர் அபாயப் பட்டியல். கப்பல் மதிப்புல இத்தனை சதவீதம்னு ஒரு பயணத்துக்குப் பிரீமியம் போடுவாங்க. அது ஒரே வாரத்துல பல மடங்கு ஏறுச்சுன்னா, காசு போட்டவன் பயந்துட்டான்னு அர்த்தம்.

அப்புறம் கடல் எச்சரிக்கை. உலகக் கடலை நாவ்ஏரியான்னு எண் போட்ட எச்சரிக்கைப் பகுதிகளாப் பிரிச்சிருக்காங்க. இந்தியக் கரைக்கு வர்ற நாவ்ஏரியா 8 எச்சரிக்கையை நம்ம நாடுதான் விடுது. வளைகுடாவும் அரபிக்கடலோட பெரும்பகுதியும் நாவ்ஏரியா 9, அதை விடுறது பாகிஸ்தான். கராச்சியில இருந்து வருதேன்னு ஒதுக்கக் கூடாது.

இனி லாஞ்சு விஷயம். 2012 ஜூலை 16-ல துபாய் ஜெபல் அலி பக்கம் ஒரு மீன்பிடிப் படகை அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ரப்பஹானாக் சுட்டுது. தமிழ்நாட்டு மீனவர் ஒருத்தர் இறந்தார், மூணு பேருக்குக் காயம். எச்சரிச்சோம்னு கப்பல்காரன், எச்சரிக்கவே இல்லன்னு தப்பிச்சவங்க. வேகமா நேரா வர்ற சின்னப் படகுன்னா அவங்களுக்குத் தற்கொலைப் படகு ஞாபகம்தான் வரும்.

அதனால போர்க்கப்பலைக் கண்டா ஒரு கடல் மைலாவது விலகி நில்லுங்க. 2020 மே மாசம் அமெரிக்கக் கடற்படையே அறிவிப்பு விட்டிருக்கு, 100 மீட்டருக்குள்ள வந்தா மிரட்டலா எடுத்துக்குவோம்னு. அவன் முன்பக்கத்தை வெட்டிக் கடக்காதீங்க. திடீர்னு வேகம் கூட்டாதீங்க, திடீர்னு திரும்பவும் செய்யாதீங்க. கூப்பிட்டா விஎச்எஃப் ரேடியோ சேனல் 16-ல படகுப் பேரையும் ‘ஃபிஷிங்’ங்கிற வார்த்தையையும் மெதுவாத் திருப்பித் திருப்பிச் சொன்னா போதும், நீண்ட ஆங்கிலம் வேண்டாம். இன்ஜினை நியூட்ரல்ல போட்டு, தளத்து விளக்கை எரியவிட்டு, ஆட்கள் கை தெரியிற மாதிரி வெளிய நிக்கணும். ராத்திரி விளக்கு முக்கியம். இழுவலைன்னா பச்சைக்குக் கீழ வெள்ளை, மத்த வலைன்னா சிவப்புக்குக் கீழ வெள்ளை. எல்லை தாண்டி மீன் பிடிக்கிறதுக்காக விளக்கையும், படகு இருக்கிற இடத்தை மத்த கப்பலுக்குக் காட்டுற ஏஐஎஸ் கருவியையும் அணைக்கிற பழக்கம் உண்டு. சாதாரண நாள்ல அதுக்குக் கிடைக்கிறது ஜெயில், பதற்ற நாள்ல குண்டு.

முட்டம்_லைட்ஹவுஸ்

ஜிபிஎஸ் கிறுக்குப் பிடிக்கும்ங்கிறாங்களே, அதுக்கு?

பட்டணம்காரன்_விஎச்எஃப்

ரெண்டு வகை. சிக்னலையே அமுக்கினா பெட்டி ‘பொசிஷன் இல்ல’ன்னு அலாரம் அடிக்கும். அது நல்லது, தெரிஞ்சுபோகும். பொய் சிக்னல் அனுப்பினா பெட்டி ஒண்ணும் சொல்லாது. படகு திடீர்னு விமான நிலையத்துல நிக்கும், இல்லன்னா நின்ன இடத்துல 40 நாட் வேகம் காட்டும். ஏஐஎஸ் திரையில பத்துக் கப்பல் ஒரே இடத்துல வட்டம் சுத்தும். அப்ப கடைசியா நம்பின இடத்தையும் மணியையும் நோட்டுல எழுதி, காந்தத் திசைகாட்டிக்கு மாறிரணும். ஆட்டோ பைலட்டைக் கழட்டி விடணும், அது பொய்யைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பும். ஆழம் காட்டுற எக்கோ சவுண்டரை மட்டும் நம்பாதீங்க. வளைகுடாவோட சராசரி ஆழமே 35 மீட்டர் சுமார், கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கிற நம்ம வெட்ஜ் பேங்க் மீன்பிடிப் பரப்பு மாதிரி சரிவு பார்த்துக் கண்டுபிடிக்க அங்க தோது குறைவு. ரேடார்ல தெரியிற எண்ணெய் மேடையும் அதோட தீயும் உதவும், ஆனா 500 மீட்டருக்குள்ள போகக் கூடாது.

கோட்டாறு_சந்தை

கரையில இருக்கிறவங்க பெட்ரோலைப் பார்த்தே வெப்ராளப்படுறாங்க. முதல்ல இடிக்கிறது சிலிண்டர். கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் சுரங்கங்கள்ல மொத்தம் 53.3 லட்சம் டன் கொள்ளளவு இருக்கு, அது போக சுத்திகரிப்பு ஆலைகளோட இருப்பு வேற. சமையல் வாயுவுக்கு அந்த அளவு கிடங்கு கிடையாது. நாம எரிக்கிறதுல பாதிக்கு மேல இறக்குமதி, அதுலயும் பெரும்பகுதி வளைகுடா வாசல்ல இருக்கிற ஹோர்முஸ் நீரிணை வழி. பல நாள் கடல்லயே தங்கிப் பிடிக்கிற தங்கல் போற விசைப்படகுக்காரங்க டீசலைக் கணக்குப் பண்ணும்போது சமையலுக்கு ஏத்துற சிலிண்டரையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்க.

உதயகிரி

கிஷ்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சேர்க்கிறேன். 2025-ல ஈரான்ல இருந்து இந்தியர்களை மீட்கிற ஆபரேஷன் சிந்து ஆரம்பிச்சப்ப மாணவர்களைத் தரைவழியா ஆர்மீனியாவுக்குக் கொண்டுபோனாங்க. ஆர்மீனியா இருக்கிறது ஈரானுக்கு வடமேற்கு மூலையில, கிஷ் தெற்குக் கடல்ல. தீவுல இருந்து முதல்ல படகேறி, அப்புறம் நாடு முழுக்கக் குறுக்கே போகணும். அவங்களுக்குத் தோதானது கப்பல்தான். கொரோனா நேரத்துல ஐஎன்எஸ் ஜலாஷ்வா பந்தர் அப்பாஸ்ல 687 பேரை ஏத்தி 2020 ஜூலை 1-ல தூத்துக்குடியில இறக்குச்சு. ஆனா போர் நடக்கும்போது கடற்படைக் கப்பல் அங்க ஒதுங்க ஈரான் சம்மதம் வேணும், அது ஒரு நாள்ல கிடைக்காது. பாஸ்போர்ட் கபில்கிட்ட (அங்க வேலைக்கு எடுத்த முதலாளிகிட்ட) இருந்தாலும் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா மூணையும் போட்டோ எடுத்து வீட்டு ஆள் போன்ல இப்பவே போட்டு வைங்க. தூதரகப் பட்டியல்ல பேர் ஏத்த, கேட்கிறது அந்த எண்கள்தான். நெட் போன பிறகு அங்க இருந்து அனுப்ப முடியாது, நம்ம ஊர்ல இருந்துதான் அனுப்பணும்.