ஸ்டெம் செல் தட்டு ‘ரொம்ப நல்லா’ வளர்ந்தபோது: பார்த்ததை எழுதுங்கள்

தட்டுப்பூச்சி:
ஐபிஎஸ் செல் (உடல் செல்லைத் திருப்பி ஸ்டெம் செல்லாக்கியது), ஆறு குழித் தட்டு, பாசேஜ் (பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றுவது) 40 தாண்டியாயிற்று. அக்யூட்டேஸ் என்ற நொதி போட்டுத் தனித்தனி செல்லாகப் பிரித்து, ஐந்து குழிக்குத் தனிச் செல்லைச் சாகாமல் காக்கும் மருந்து ஒய்-27632, 10 மைக்ரோமோலார், ஆறாவது கன்ட்ரோல், அதற்கு மருந்தில்லை. மறுநாள் ஆறாவதில் செத்தது மட்டும்தான் மிதக்க வேண்டும், நூற்றுக்கு ஒன்று பிழைத்தாலே பெரிது. பார்த்தால் பாதித் தரை மூடியிருக்கிறது! காலனி வட்டம், விளிம்பு சுத்தம், ஸ்டெம் செல் அடையாளமான ஆக்ட்4, நானோக் இரண்டும் பளிச்சென்று. கேரியோடைப் (குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்பது) அறிக்கை 46, எக்ஸ்ஒய், நார்மல். அந்த ‘நார்மல்’தான் இன்னும் உறுத்துகிறது. 20-ஆம் குரோமோசோமின் நீளக் கை, 20க்யூ, பெருகிவிட்டது என்று எல்லாரும் சொல்லப்போகிறீர்கள், தெரியும். உங்கள் தட்டில் முதலில் கண்ணில் பட்டது என்ன?

குரோமோ_ராஜா:
20க்யூ11.21 தான், வேறென்ன. 2011-இல் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து 125 கரு ஸ்டெம் செல் வரிசைகளை (ஒரே மூலத்திலிருந்து வளர்த்துவரும் செல் கூட்டம்) பார்த்ததில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் அந்த இடம் பெருகியிருந்தது. அங்கே உட்கார்ந்திருக்கும் பிசிஎல்2எல்1 ஜீன் செல்லைச் சாகவிடாது. நீங்கள் பிரிக்கும்போது மற்றது சாகிறது, அது சாவதில்லை. பத்துப் பாசேஜில் தட்டு முழுக்க அதன் வாரிசுதான்.

அறிக்கை பொய் சொல்லவில்லை. கேரியோடைப்புக்குச் சாயமேற்றும் ஜி-பேண்டிங்கில் கண்ணுக்கு 5 முதல் 10 மெகாபேஸ் (50 லட்சம் முதல் ஒரு கோடி டிஎன்ஏ எழுத்து) இருந்தால்தான் தெரியும், இந்தத் துண்டு பெரும்பாலும் அதைவிடச் சின்னது. இன்னொன்று, 20 மெட்டாஃபேஸ், அதாவது பிரியும் நிலையில் உள்ள 20 செல்தான் எண்ணுகிறார்கள். 14 சதவீதத்துக்குக் கீழே கலந்திருக்கும் கோளாறு அந்த இருபதில் ஒன்றிலும் சிக்காமல் போக நல்ல வாய்ப்பு உண்டு. 30 எண்ணினால் அந்த எல்லை 10 சதவீதத்துக்கு இறங்கும்.

ஃபிஷ்_குழம்பு:
ராஜா சார் சொன்னதோடு ஒன்று. ஃபிஷ் (குரோமோசோமின் ஓரிடத்தில் ஒளிரும் புள்ளி ஒட்டும் சோதனை) போட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். துண்டு பக்கத்திலேயே ஒட்டி இரட்டித்திருந்தால் இரண்டு புள்ளியும் ஒன்றாகத்தான் ஒளிரும். என் ஸ்லைடில் ஒரு புள்ளி கொஞ்சம் நீளமாக, இழுத்துவிட்ட மாதிரி தெரிந்தது. பலர் அதை ஒன்றாகவே எண்ணி, மொத்தம் இரண்டு, நார்மல் என்றுவிட்டுப் போவார்கள்.

லூக்கி38:
தட்டு கிடக்கட்டும். ரத்தப் புற்றில் இதைவிட மோசமான ஏமாற்று உண்டு. 1994-இல் டொரன்டோவில் ஜான் டிக் குழு ஏஎம்எல் (தீவிர ரத்தப் புற்று) செல்களை எலிக்குள் செலுத்தி, சிடி34 என்ற மேற்பரப்புப் புரதம் உள்ள, சிடி38 இல்லாத பகுதியிலிருந்துதான் நோய் மறுபடி கிளம்புகிறது என்று காட்டியது. தோராயமாக 2,50,000 செல்லுக்கு ஒன்று. அதற்கப்புறம் எல்லாரும் அந்தப் புரதங்களில் ஒட்டும் அதே இரண்டு ஆன்டிபாடி, செல்லைப் பிரிக்க அதே எல்லைக்கோடு. 2008-இல்தான் தெரிந்தது, சிடி38 ஆன்டிபாடி ஒட்டிய செல்லை எலியின் மிச்சசொச்ச எதிர்ப்பாற்றலே தின்றுவிடுகிறது. ‘இந்தப் பகுதி வளரவில்லை’ என்றதில் பாதி, சாயம் பூசியதன் விளைவு. எலிக்கு முன்கூட்டியே இம்யூனோகுளோபுலின் கொடுத்து அந்த எதிர்ப்பாற்றலை அடக்கியதும் சிடி38 உள்ள பகுதியும் வளர்ந்தது. அந்த வரைபடத்தைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது.

மெலனின்:
அதைத்தான் நானும் சொல்கிறேன், ‘கேன்சர் ஸ்டெம் செல்’ என்பதே எலியைப் பொறுத்த எண். மிச்சிகனில் மாரிசன் குழு 2008-இல் மெலனோமா என்ற தோல் புற்றை, எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்த என்எஸ்ஜி எலியில், மேட்ரிஜெல் என்ற ஜெல் கலந்து, மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்தது. முன்பு லட்சத்தில், பத்து லட்சத்தில் ஒன்று என்றார்கள். இங்கே ஒற்றைச் செல் வைத்தாலே நாலில் ஒன்று கட்டியானது. எந்த மார்க்கரும் பிரித்துக் கொடுக்கவில்லை. அரிதான ராஜா செல் என்ற கதையை விடுங்கள்.

லூக்கி38:
மெலனின், ஒரு புற்றில் இல்லை என்றால் எதிலுமே இல்லையா? சிஎம்எல் (மெல்ல வளரும் ரத்தப் புற்று) எடுங்கள். பிரான்சில் 2010-இல் வந்த ஸ்டிம் ஆய்வில், இரண்டு வருடம் நோய்த் தடமே தெரியாத நூறு பேர் அதற்கான மருந்தான இமாட்டினிபை நிறுத்தினார்கள். பத்தில் ஆறு பேருக்குத் திரும்பியது, அநேகமாக எல்லாம் முதல் ஆறு மாதத்தில். அந்த ஸ்டெம் செல் பிரியாமல் தூங்குகிறது, உயிர்வாழ, இந்தப் புற்றைக் கிளப்பும் பிசிஆர்-ஏபிஎல் என்ற கைனேஸ் நொதி அதற்குத் தேவையே இல்லை. மருந்து கைனேஸைத்தான் அடைக்கிறது. இதில் எலி எங்கே வந்தது?

பனிக்கட்டி:
இங்கே சண்டை ஓடட்டும். தட்டுப்பூச்சி, உங்கள் தட்டில் நான் பார்த்திருப்பேன் என்றால் பாதித் தரையை அல்ல, மறுநாள் மீடியா மஞ்சளாகும் வேகத்தை. மற்றக் குழி இன்னும் ஆரஞ்சாக இருக்கும்போது அது மஞ்சள். இனி கேட்காத அறிவுரை:

அக்யூட்டேஸை விடுங்கள். ஒற்றைச் செல்லாக்கும் ஒவ்வொரு முறையும் பிசிஎல்2எல்1 கூட்டத்துக்கு நீங்களே தேர்தல் நடத்துகிறீர்கள். செல்லின் ஒட்டைத் தளர்த்தும் ஈடிடிஏ 0.5 மில்லிமோலார், நாலைந்து நிமிடம், காலனிக்குள் இடைவெளி விழ ஆரம்பித்ததும் உறிஞ்சி எடுத்து, மீடியா ஊற்றி இரண்டு மூன்று முறை மட்டும் மெல்ல அடியுங்கள். கட்டி கட்டியாக வர வேண்டும். அதிகம் அடித்தால் அதுவும் ஒற்றைச் செல்தான். தட்டுக்குப் பூசும் மேட்ரிஜெல்லை ஐஸ் மேல், 4 டிகிரியில் இரவு முழுக்க உருக்குங்கள். டிப், ட்யூப் எல்லாம் குளிர்ந்திருக்கட்டும், 10 டிகிரி தாண்டினால் உறையத் தொடங்கும், பூச்சு திட்டுத்திட்டாகும். அந்த ஜெல்லே எலியின் சார்கோமாக் கட்டியிலிருந்து வருவதுதான், அது வேறு கதை. குறைந்த பாசேஜில் பெரிய வங்கி உறைய வையுங்கள், பத்துப் பாசேஜ் ஓடியதும் தட்டைத் தூக்கிப் போட்டு வங்கியிலிருந்து புதிதாக எடுங்கள். புற்றைத் தடுக்கும் ஜீனான டிபி53-ஐயும் சீக்வென்ஸ் பண்ணுங்கள். 2017-இல் 140 கரு ஸ்டெம் செல் வரிசைகளைப் பார்த்ததில் ஐந்து வரிசைகளில் அந்த ஜீன் கெட்டிருந்தது, எந்தக் கேரியோடைப்பும் அதைச் சொல்லாது.

தட்டுப்பூச்சி:
நன்றி பனிக்கட்டி. 20க்யூ பெருகியதைப் பார்க்க, டிஎன்ஏ பிரதியை அளக்கும் க்யூபிசிஆர் போதுமா, டிஜிட்டல் பிசிஆர் வேண்டுமா?

குரோமோ_ராஜா:
கணக்குப் போடுங்கள். எல்லாச் செல்லிலும் மூன்று பிரதி என்றால் 1.5 மடங்கு, ஒளி தெரியத் தொடங்கும் சைக்கிளில் வித்தியாசம் 0.58. ஐந்தில் ஒரு செல்லில் மட்டும் என்றால் 1.1 மடங்கு, 0.14 சைக்கிள். பைப்பெட் கை நடுக்கமே அதைவிட அதிகம். சில செல்லில் மட்டும் கலந்திருப்பதைத் தேடுகிறீர்கள் என்றால் டிஜிட்டல். ஒப்பீட்டு ஜீனை 1, 12, 17, எக்ஸ் குரோமோசோமில் எடுக்காதீர்கள், வளர்ப்பில் அவையும் பெருகும். 4-இல் எடுங்கள். உங்கள் ஆறாவது குழியிலிருந்தே டிஎன்ஏ எடுங்கள், பாசேஜ் 10 குப்பி மிச்சமிருந்தால் அதையும் அதே பிளேட்டில் ஓட்டுங்கள்.