மறு: தேயிலை ஜின், ஊறலா தேறலா?

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் கேட்டரிங் படிக்கிற பிள்ளைகளுக்கான குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கம்பெனிக் கப்பல்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் இங்கே பழகிய 'பஞ்ச்' என்ற மதுக்கலவையில் தொடங்கி, தேயிலை ஊறிய ஜின் என்ற மதுவில் செய்யும் காக்டெயில் வரை ஒரு பாடம். இன்ஃப்யூஷன், அதாவது மதுவில் ஒன்றை ஊறவைத்து மணமேற்றுவது, அதற்கு எந்தத் தமிழ்ச்சொல் என்ற இடத்தில்தான் நிற்கிறேன். கஷாயம் என்று எழுதினால் பிள்ளைகள் அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். இதில் தீயே கிடையாது. 750 மில்லி ஜின்னில் எர்ல் கிரே என்ற மணமூட்டிய தேயிலையைப் போட்டு மூடி, இரண்டு மணி நேரத்தில் வடித்துவிட வேண்டும், ராத்திரி முழுக்க விட்டால் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்கி நாக்கைப் பிடிக்கும். எலுமிச்சையும் பாகும் சேர்த்து முட்டை வெள்ளைக்கரு விட்டுக் குலுக்குவது, மிச்சத் துவர்ப்பை அது பிடித்துக்கொள்ளும் என்பதால்தான். ஆகவே ஊறல் என்கிறேன்.

தக்கலையிலிருந்து:
தம்பி, பேப்பரில் ஊறல் என்றாலே 'சாராய ஊறல் அழிப்பு'தான். அதைப் பாடத்தில் வைக்காதீர்கள். 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று புறநானூறு 56 சொல்கிறதே, கடல் கடந்து வந்த மணமுள்ள மதுவுக்கு வேறு சொல் எதற்கு? மலைபடுகடாத்தில் மூங்கில் குழாயில் விளைந்த தேக்கள் தேறலும் உண்டு. தேயிலைத் தேறல், மோனையும் அமைகிறது. அப்புறம் ஜின்: டச்சுக்காரரின் ஜெனீவர் குறுகி வந்தது, ஜூனிபர் செடியின் பெயர். 1741இல் குளச்சலில் அவர்களைத் தோற்கடித்த மண்ணில் அவர்கள் சொல்லை ஏன் சுமக்க வேண்டும்?

மார்த்தாண்டத்திலிருந்து:
அண்ணாச்சி, குளச்சல் போருக்கும் இதற்கும் என்ன? கடையில் ஜின் என்று கேட்டால்தான் ஜின் கிடைக்கும். 'தேயிலை ஊறவைத்த ஜின்' என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும், கலைச்சொல்லே வேண்டாம்.

நாகர்கோவில்:
அக்கா, அது விளக்கம், தலைப்புக்கு ஒரு பெயர் வேண்டுமே. அண்ணாச்சி, தேறு என்றால் தெளிதல். வடித்தபின் கிடைப்பதற்கு அது பொருந்தும், ஊறுகிற வேலைக்குப் பொருந்தாது. இரண்டையும் சேர்த்து 'ஊறுதேறல்' என்றால்? ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, தகரம் மிகாது.

தக்கலையிலிருந்து:
இலக்கணம் சரி, ஊறு என்றால் துன்பம் என்றும் பொருள் உண்டு. குடிக்கிற பொருளின் தலையில் அது நிற்கக் கூடாது.

நாகர்கோவில்:
இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஊறல் பக்கம். செய்முறையில் ஊறல், தலைப்பில் தேயிலை ஜின் என்று அனுப்புகிறேன். அண்ணாச்சியின் மறுப்பு அடுத்த பதிப்புக்கு நிற்கட்டும்.

தக்கலையிலிருந்து:
நிற்கும். மலைபடுகடாம் உரையோடு நாளை எழுதுகிறேன்.