சென்னையிலிருந்து பெர்லினுக்கு: பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்

விசா வந்த அன்றே நாலு வயசுப் பிள்ளையிடம் சொன்னால், தினமும் "நாளைக்குப் போறோமா?" என்று கேட்டே களைத்துப்போகும். டிக்கெட் போட்டபின் சொல்லி, தினசரி காலண்டர் தாளை அதன் கையாலேயே கிழிக்க விடுங்கள். எட்டு வயசுக்கு மேல் என்றால் விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொந்தக்காரர் வாய்வழியாகக் கேட்டால் பெற்றோர் மேல் நம்பிக்கை போய்விடும். சைக்கிளை அது பள்ளிக்கூடம் போன நேரத்தில் விற்காதீர்கள். யாருக்குக் கொடுப்பது என்று அதுவே முடிவு செய்யட்டும். பாட்டியின் பழைய நூல்புடவைத் துண்டு ஒன்று, துவைக்காமல், கைப்பையில். செக்-இன் பெட்டியில் வைத்து அது தாமதமானால் முதல் ராத்திரியே யாரும் தூங்க முடியாது.

*

மேலே சொன்னதோடு கிட்டாவையும் (மழலையர் காப்பகம்) சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் படிப்படியாகப் பழக்கும் 'பெர்லின் முறை'ப்படி முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ கூடவே, தினம் ஒரு மணி நேரம்போல, ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். பிரித்துப் பார்ப்பது நாலாம் நாள்தான், அதுவும் அதிகபட்சம் அரை மணி. அந்த நாள் திங்கட்கிழமையாக இருந்தால் மறுநாளுக்குத் தள்ளிவிடுவார்கள். டீச்சர் தேற்றியும் சில நிமிடத்தில் அழுகை அடங்காவிட்டால் உடனே உங்களை உள்ளே கூப்பிடுவார்கள், அடுத்த முயற்சிக்கு அவசரம் வேண்டாம். மொத்தமாக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். இருவரும் ஒரே வாரத்தில் வேலையில் சேர்ந்தால் திட்டமே உடையும்.

நம் ஊர்ப் பழக்கம், பிள்ளை விளையாட்டில் மூழ்கியதும் நைசாக நழுவுவது. இங்கே அது எடுபடாது. திரும்பிப் பார்த்து ஆளைக் காணோம் என்றால் அடுத்த நாள் கதவருகிலேயே காலைக் கட்டிக்கொள்ளும். அழுதாலும் பரவாயில்லை, "சாப்பிட்டு முடிச்சதும் வருவேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டு, சொன்னபடி வாருங்கள்.

டீச்சருக்கு ஒரு தாள்: தண்ணி, பசிக்குது, உச்சா, வலிக்குது, அம்மா வருவாங்க. ஐந்தும் ஆங்கில எழுத்தில், எதிரே ஜெர்மன் அர்த்தத்தோடு.

*

பள்ளி வயசு என்றால், ஜெர்மன் தெரியாதவர்களுக்குத் தனி வரவேற்பு வகுப்புகள் இருக்கின்றன. சில மாதம்வரை பிள்ளை அங்கே வாயே திறக்காமல் இருக்கலாம். காதில் வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் "இன்னிக்கு என்ன ஜெர்மன் கத்துக்கிட்டே?" என்று கேட்க வேண்டாம். நம் அரைகுறை ஜெர்மனை வீட்டில் பேசுவதைவிடத் தமிழே பேசுங்கள். கோபத்தையும் பயத்தையும் சொல்ல அதற்கு இப்போதைக்கு இருக்கும் மொழி அதுதான்.

பாட்டியோடு வீடியோ கால் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம்: இங்கே மாலை 5 என்றால் அங்கே இரவு 9.30, பாட்டிக்குத் தூக்கம் சொக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி. சனிக்கிழமை இங்கே காலை 9 மணி எந்தப் பருவத்திலும் தோது. "எப்பக் கண்ணு வருவே?" என்று கேட்டுக் கண் கலங்க வேண்டாம் என்று பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். படம் காட்டச் சொல்லட்டும், விடுகதை போடட்டும். பத்து நிமிடம் போதும்.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். முடிந்தால் கிட்டா விட்டதும் நேரே பூங்கா, பிறகு வீடு.

நின்றுபோன படுக்கை நனைத்தல் முதல் சில வாரம் திரும்ப வந்தால் திட்டாமல் விரிப்பை மாற்றுங்கள். அது நிற்காமல் சாப்பாடும் தூக்கமும் சேர்ந்து கெட்டால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். யு8 (46–48 மாத வயசில்), யு9 (60–64 மாத வயசில்) என்று இங்கே குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்யும் உடல்நலப் பரிசோதனைகளில் இதையும் பேசலாம். தடுப்பூசி அட்டையை மறக்காதீர்கள்.