புதுப்பிப்பு: தேய்வு வளைகோட்டின் சாய்வு கிடைத்துவிட்டது

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் அடுக்குக்குறித் தேய்வு வளைகோட்டை (முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கும் கோடு) பொருத்திவிட்டேன், குறிப்பிட்ட நேரத்தில் அதன் சாய்வை எப்படி எடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

நேர்கோட்டைப் போல இதற்கு ஒரே சாய்வு கிடையாது. புள்ளிக்குப் புள்ளி மாறும். வகையிட்டால் வருவது சின்னச் சூத்திரம்தான். பொருத்திய மதிப்பிலிருந்து அடிமட்டத்தை (வளைகோடு கடைசியில் நெருங்கும் மதிப்பு) கழித்து, தேய்வு மாறிலியால் (தேய்வின் வேகத்தைக் காட்டும் எண்) பெருக்கி, முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். என் வளைகோட்டில் தொடக்க மதிப்பு 100, அடிமட்டம் 20, மாறிலி 0.25. நேரம் 0-இல் சாய்வு −20. நேரம் 4-இல் மதிப்பு 49.43, சாய்வு −7.36.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்த வளைகோட்டைப் பொருத்த ஆர்-இல் உள்ள 'எஸ்எஸ்அசிம்ப்' (SSasymp) என்ற செயற்கூறு தரும் மூன்றாவது எண் தேய்வு மாறிலி அல்ல, அதன் இயல்மடக்கை. எனக்கு −1.386 என்று வந்தது. அதை 'இ'யின் (e, சுமார் 2.718) அடுக்காக ஏற்றினால்தான் 0.25. உதவிப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் யார் அதைப் படிக்கிறார்கள்!

என் கேள்விக்குப் பதிலாக, மதிப்புகளின் மடக்கையை எடுத்து நேர்கோடு போடச் சொன்னவர்களுக்கு: அடிமட்டம் சுழியானால் அது போதும். இங்கே 20 இருப்பதால் மடக்கை வரைபடமே வளைகிறது.

சாய்வின் திட்டப்பிழைக்கு (மதிப்பீடு எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற அளவு) மூன்று அளவுருக்களின் (தொடக்க மதிப்பு, அடிமட்டம், மாறிலியின் மடக்கை) பிழைகளைத் தனித்தனியே சேர்க்காதீர்கள். அவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. உடன்மாறுபாட்டு அணியோடு (அளவுருக்களின் பிழைகள் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்ற அட்டவணை) டெல்டா முறையை (அந்தப் பிழைகளிலிருந்து சாய்வின் பிழையைத் தோராயமாகக் கணக்கிடும் முறை) பயன்படுத்துங்கள்.